நைட் ஷிப்ட் வாரம்

14.3.1983, திங்கள்

காலையில் அவர் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். தட்டைப் பிடுங்கி வாசலில் வீசிவிட்டேன். பிறகு நானே அழுதேன்.

மாலையில் பக்கத்து வீட்டு நசீமா வந்தாள். "அக்கா, ஷூ கம்பெனியில உங்க வீட்டுக்காரர் மாசாமாசம் ஒரு வாரம் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறாராமே, இன்னாத்துக்கு?"

காலண்டரைப் புரட்டினேன். அவர் ஷிப்ட், என் மாதவிலக்கு, இரண்டையும் குறிப்பது நான்தான். ஒவ்வொரு மாதமும் நைட் ஷிப்ட் வாரம் முடிகிறது, மாதவிலக்கு வருகிறது. அந்த வாரத்தில்தான் இந்தக் கோபம், பிள்ளைக்கு அடி, அழுகை எல்லாம். என் குணமே கெட்டது என்று ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

ஷிப்ட் பத்து மணிக்கு. இன்று ஏழுக்கே கிளம்பிவிட்டார்.