எந்தக் காலைத் தூக்கி ஆடுறா?

மார்ச் 2

அன்புள்ள கல் பைத்தியத்துக்கு,

போன்ல நான் வெறும் "ம்" தான் சொல்றேன், மெயில்லயாவது நாலு வரி எழுதுங்கன்னு சொன்ன. எழுதறேன். ஆஸ்பத்திரில லிஃப்ட் மாட்டற வேலை இன்னும் முடியல. ஞாயித்துக்கிழமை லீவு. நீ சொன்ன கோயில்கள்ல மூணு பாத்தேன். மூணுலயும் கல்லு இருந்துச்சு.

முதல் கோயில்ல அத்தனை பழைய தூணுல ஆணி அடிச்சு ட்யூப்லைட் மாட்டிருக்கானுங்க. ஒயரு தொங்குது. நான் அப்படி வேலை பாத்தா சூப்பர்வைசர் செருப்பக் கழட்டிடுவாரு. ரெண்டாவதுல ஒரு கைடு, கல்லு யானை ராத்திரில எழுந்து தண்ணி குடிக்கும்னு அளந்துட்டு இருந்தான், நாப்பது பேரு வாயப் பொளந்துட்டு கேக்கறாங்க. மூணாவதுல ஒருத்தன் கூட செவுத்தப் பாக்கல. எல்லாரும் போன்ல அவனவன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறான். இதுக்கா நீ உசுர விடற?

கல்யாணப் புடவை எடுக்க அம்மா உன்னக் கூப்பிட்டாங்களாமே. போய்ட்டு வா.

இப்படிக்கு,
மூணு கோயில் பாத்த பாவி

மார்ச் 4

மாண்புமிகு லிஃப்ட் மெக்கானிக் அத்தான் அவர்களுக்கு,

மூணுலயும் கல்லு இருந்துச்சா? பின்ன பஞ்சா இருக்கும்? உங்களுக்கெல்லாம் எதுக்கு ரெண்டு கண்ணு, ஒண்ண யாருக்காவது தானம் பண்ணுங்க. நான் இங்க ஜெராக்ஸ் கடையில நின்னு ஊர்ல இருக்கறவன் மார்க் ஷீட்டுக்கெல்லாம் லேமினேஷன் போட்டுட்டு இருக்கேன். நீங்க இப்ப இருக்கற மாவட்டத்துக்கு ஒரு தடவ கூட வந்ததில்ல. ஆனா போன்ல படத்தப் பெருசு பண்ணிப் பண்ணியே ஒவ்வொரு செவுரும் எனக்கு மனப்பாடம்.

நாலாவது கோயில்தான் மெயின். தலைவி அங்கதான் இருக்கா. பின்பக்க செவுத்துல ஆடுற பொண்ணு. அங்க இருக்கற ஆட்டக்காரிங்க எல்லாரும் இடது காலத் தூக்குவாங்க, என் தலைவி மட்டும் வலது கால். செதுக்குனவன் எவனோ வேணும்னே முறைச்சுக்கிட்டு செஞ்ச வேலை! இத முதல்ல கண்டுபிடிச்சது நான். பெரிய பெரிய பேராசிரியருங்களுக்குத் தெரியல, காலேஜ பாதில விட்டவளுக்குத் தெரிஞ்சுது. என் ஃபேஸ்புக் பக்கத்துல அந்தப் பதிவு ஓடுன ஓட்டம் உங்களுக்கே தெரியும். இப்ப புத்தகமா வருது. இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது, அட்டையில அவதான். "வெட்டி வேலை"ன்னு நாலு வருஷமா சொன்ன எங்க அண்ணன் மூஞ்சி முன்னாடி அந்தப் புத்தகத்த நீட்டணும். எனக்கு அது போதும்.

போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. உங்க தலை குறுக்க வராம.

இப்படிக்கு,
தலைவியின் முதல் ரசிகை

மார்ச் 9

அன்புள்ள ரசிகைக்கு,

போனேன். பாத்தேன். உடைஞ்ச மூக்கு, கழுத்துல மூணு வரி மாலை, எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல, போட்டோ எடுக்க முடியல.

ஒரே ஒரு விஷயம். அவ தூக்கிட்டு இருக்கறது இடது கால்.

இப்படிக்கு,
நாலு கோயில் பாத்தவன்

மார்ச் 10

அத்தான்,

சிரிச்சு வயிறு வலிக்குது. எதிர்ல நிக்கறவங்க வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும்னு ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லித் தருவாங்க. உங்க மேல தப்பில்ல. லிஃப்ட்ல மேல, கீழ, ரெண்டு பட்டன்தானே. இடது வலதுக்கெல்லாம் நீங்க எங்க போவீங்க?

தயவு செஞ்சு இத உங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பையனுக்கு இவ்ளோதான் மூளைன்னு நான் கண்டுபிடிச்சது அவங்களுக்குத் தெரிய வேணாம்.

ரசிகை

மார்ச் 16

அன்புள்ள மேதைக்கு,

அந்த மெயில மூணு தடவ படிச்சேன். அதனால இன்னைக்கு மறுபடியும் போனேன். அவ பக்கத்துல, செவுத்துக்கு முதுகக் காட்டி, அவள மாதிரியே ஒரு காலத் தூக்கி நின்னேன். டூர் பஸ்ல வந்த கூட்டம் சாமியக் கும்புடறத விட்டுட்டு என்னையப் பாத்து சிரிச்சுது. ஒரு ஸ்கூல் பையன்கிட்ட போனக் குடுத்து எடுக்கச் சொன்னேன். இணைச்சிருக்கேன். ரெண்டு பேருமே இடது கால்.

உன் படத்துல வாசல் அவளுக்கு ஒரு பக்கம் இருக்கு, இங்க அடுத்த பக்கம் இருக்கு. எவனோ இடம் வலமாத் திருப்புன படத்த நெட்ல போட்டிருக்கான். நீங்க எல்லாரும் அதையே எடுத்து எடுத்துப் போட்டிருக்கீங்க. ஒரு ரசிகன் கூட பஸ் ஏறி வந்து பாக்கல. சிற்பி முறைச்சுக்கிட்டானாம். அவன் ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்கான்.

இன்னும் நாலு நாள் இருக்கு. புத்தகக்காரர்கிட்ட சொல்லிடு. உங்க அண்ணன் சிரிப்பாரு, சிரிக்கட்டும். அன்னைக்கு நான் உன் பக்கத்துல நிக்கறேன். கூட்டம் சிரிக்கறது எனக்கு இப்ப பழகிடுச்சு.

அன்புடன்,
உன் அத்தான்

மார்ச் 17

அத்தான்,

போட்டோ வந்துச்சு.

ரெண்டு ஞாயித்துக்கிழமை பாத்தவரு நாலு வருஷம் பாத்தவளுக்குக் கிளாஸ் எடுக்கறீங்க. நேர்ல போனவனெல்லாம் பாத்தவன்னா, அந்தக் கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் குடுக்கறவன்தான் பெரிய ஆராய்ச்சியாளர்.

நான் பாத்துக்கறேன். நீங்க லிஃப்டப் பாருங்க.

மார்ச் 21

வணக்கம்.

நீ நேத்து உன் பக்கத்துல போட்டதப் பாத்தேன். நானாப் பாக்கல. எங்க ஹெல்பர்தான் கொண்டாந்து காட்டினான். "ஏண்ணே, உங்களுக்கு மட்டும் டெய்லர் சட்டைப் பாக்கெட்ட வலது பக்கம் தைக்கறானா?"ன்னு கேட்டான். சைட்ல எல்லாரும் சிரிச்சாங்க.

நான் அனுப்புன போட்டோதான். திருப்பிப் போட்டிருக்க. வலது காலத் தூக்கிட்டு அவ, வலது காலத் தூக்கிட்டு நான். கீழ, "இது பொய்னு சொன்னவங்களுக்கு என் வருங்காலக் கணவர் நேர்ல போய் எடுத்த ஆதாரம்"னு எழுதிருக்க. எட்டாயிரம் பேரு லைக் போட்டிருக்காங்க. புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சுன்னும் போட்டிருக்க. வாழ்த்துக்கள்.

எவனோ அவளத் திருப்புனது தெரியாம நீ ஏமாந்த. அதுல எனக்குக் கோவமே இல்ல. என்னையத் திருப்புனது நீ.

கல்யாணத்த நிறுத்தச் சொல்லி வீட்ல நானே பேசிக்கறேன். உன் மேல ஒரு தப்பும் சொல்ல மாட்டேன், பயப்படாத. எனக்குத்தான் இடது வலது தெரியலன்னு சொல்லிக்கறேன்.

சாயங்காலம் வேலை முடிஞ்சு மறுபடியும் அங்க போனேன். யாரும் இல்ல. ரொம்ப நேரம் எதிர்ல உக்காந்திருந்தேன். எல்லாரும் தூக்கற அதே இடது காலத்தான் அவளும் தூக்கறா. நல்லாத்தான் ஆடுறா. உனக்குத்தான் அது பத்தல.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்