உப்பு வீதியில் மருமகனின் கார்

தைப்பூசம், இரவு.

எழுத்துகள் கோணலாக ஏறி இறங்குகின்றன. இந்த வயதில் எழுதப் பழகிக் கொஞ்சக் காலம்தான்; கிழமைக்கு ஒரு பக்கம். கையைக் குறை சொல்ல முடியாது.

மருமகன் யாழ்ப்பாணம் போகும்போது தன் பழங்காலக் காரை என்னிடம் விட்டுப் போனார். "மாமா, பனி உருக றோட்டில உப்புப் போட்டிருந்தால் வெளியில எடுக்காதேங்கோ. அடியெல்லாம் கறள் பிடிச்சு இரும்பு உக்கிடும்" என்றார்.

கார் நன்றாக இருக்கட்டும் என்றுதான் இன்று இங்குள்ள மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான். வீட்டுக்கு வந்த பிறகே சில்லெல்லாம் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டேன். தண்ணீர் அடித்துக் கழுவினேன். அடிப்பகுதிக்குக் குனிய முடியவில்லை.

மாலையில் மருமகன் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார்.

"கார் எப்பிடி மாமா?"

"அசையாமல் நிக்குது தம்பி."

நெற்றியில் திருநீறு இருக்கும்போதே சொன்னேன்.

நாளை உண்மையைச் சொல்லிவிடுவேன். என்ன ஏசினாலும், அடுத்த கிழமை அதையும் என் கையாலேயே எழுதுவேன்.