உன் குரலுக்கு வைத்த காது

பிப்ரவரி 6

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். போனில் குறை சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ அனுப்பிய காது மெஷினை முதலில் போட்டபோது குழாய்த் தண்ணீரும் கரண்டிச் சத்தமும் மண்டையைப் பிளந்தன. நீ அங்கிருந்தே போனில் எதையோ ஏற்றி இறக்கினாய், வீடே அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. மில்லில் தறிச் சத்தம் தின்று மிச்சம் வைத்த காதுக்கு இதுவே பெரிது.

குறையெல்லாம் உன் தங்கையைப் பற்றித்தான். வேலை விட்டு வந்ததும் கதை கதையாகச் சொல்கிறவள், இப்போது வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். "வாயைத் திறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நேற்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு, சட்டி இருக்கிறது என்று ஏதோ இழுத்தாள். "இருந்தா கழுவிக் கவுத்து வை" என்றேன். அதற்கு ஒரு அழுகை! ஒரு சட்டியைக் கழுவச் சொன்னால் யாராவது அழுவார்களா? நீயே கேள்.

உன் அம்மா

பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. என் குரல் கிட்டத்தில் கேட்பது தற்செயல் இல்லை அம்மா. என் பேச்சைப் பதிவு செய்து, அது தெளிவாக விழும்படி பார்த்துப் பார்த்து அமைத்தேன். கீச்சென்று வரும் சத்தத்தை எல்லாம் அடியோடு இறக்கிவிட்டேன். முழுக்க உங்களுக்கென்றே செய்தது. அங்கே காது மெஷின் கடைக்காரப் பெண் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று பூட்டும் போட்டிருக்கிறேன். அதைத் திறக்கும் எண் என்னிடம்தான் இருக்கிறது.

தங்கையை நிறுத்தி நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்தே அவள் தொட்டதற்கெல்லாம் அழுகிறவள்தானே. பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்

மார்ச் 11

பெரியவனுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை.

போன வாரம் உன் தங்கை தலை சீவக் கையைத் தூக்கியபோது அக்குளுக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். என்ன ஏதென்று பதறினேன். என் காதுக்கருகில் வந்து கத்திச் சொன்னாள்: "கட்டி இருக்குன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. கழுவிக் கவுத்து வைன்னுட்டே."

கட்டி, பெரியவனே. சட்டி இல்லை. பெற்றவளிடம் பயந்து பயந்து சொல்ல வந்த பெண்ணைப் பாத்திரம் தேய்க்க அனுப்பியிருக்கிறேன். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுக்கக் கொடுத்துவிட்டு, தனியாகவே திரும்பி வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேல் சத்தத்தை ஒரேயடியா இறக்கி வெச்சிருக்காங்கம்மா. இவங்க குரல்ல பாதி அதுலதான் இருக்கு. பேச்சு எப்படி விளங்கும்?" என்றாள். நீ இறக்கிய கீச்சுச் சத்தத்தில் உன் தங்கையும் போய்விட்டாள். வாரத்தில் ஒரு நாள் வருகிற உன் குரல் மணியாகக் கேட்க, தினமும் என்னோடு கிடக்கிறவள் எனக்கு ஊமையாகிவிட்டாள். இதற்குப் பேர் எனக்கென்றே செய்ததா? உனக்கென்று செய்ததடா!

அதற்கொரு பூட்டு வேறு. என் தலையில் இருக்கிற காதுக்குச் சாவி உன் சட்டைப்பையிலா? பூட்டைத் திறக்க உன்னைக் கேட்கலாமா என்றாள் அந்தப் பெண். வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வை என்றேன். உன் தங்கையை எதிரே உட்காரவைத்துப் பேசவைத்தாள். அவள் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. குழாய்ச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. வரட்டும்.

நேற்று டாக்டர் முடிவு சொன்னார். அவருக்கு மெல்லிய குரல். "வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லை." யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, நானே கேட்டேன். உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுச்சாம்மா?" என்றாள். "கேட்டுச்சுடி" என்றேன். இந்தத் தடவை அழுதது நான்தான்.

வேறு மாதிரி வந்திருந்தால், பெரியவனே? அதையும் பாத்திரக் கணக்கில்தானே சேர்த்திருப்பேன்? அவள் அழுகிறவள் என்று எழுதினாயே, ஏன் அழுகிறாள் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டாயா?

இனிமேல் நீ பேசினால் எனக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்குமாம். கடைக்காரப் பெண் அதையும் சரிசெய்து தருகிறேன் என்றாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பேச்சு எனக்குக் கேட்க வேண்டுமானால் நீ கத்திப் பேசு.

உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்