ஆதிலட்சுமி கை வைத்தால்

செப்டம்பர் 18, 2024, புதன்

இன்று பாண்டியன் கழனியில் நடவு. பதினான்கு பேர். ஆட்களுக்குப் போன் போட்டுக் கூப்பிடுவது என் பொறுப்பு. ஒருத்தி வராவிட்டாலும் திட்டு எனக்குத்தான். நல்லவேளை, எல்லாரும் வந்தார்கள். வழக்கம்போல ஆதிலட்சுமிதான் முதல் நாற்றை வைத்தாள். எங்கள் கோஷ்டியிலேயே வேகமான கை. வீட்டுக்காரர் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. அவள் வேலைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

செப்டம்பர் 19

விடியற்காலையில் அடைமழை. பாண்டியன் கழனியில் வைத்த நாற்றெல்லாம் மிதக்கிறது. திரும்ப நட வேண்டும்.

டீ குடிக்கும்போது நான் சும்மா சொன்னேன்: "ஆதிலட்சுமி கை வெச்சா போதும், மழ பிச்சிக்கினு ஊத்துது." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் 27

முனிரத்தினம் கழனியிலும் நட்ட மறுநாளே மழை. புரட்டாசியில் மழை பெய்யாமல் வெயிலா கொளுத்தும்? ஆனால் முனிரத்தினம் போனில் சொல்கிறார்: "அடுத்த வாட்டி அந்த ஆதிலட்சுமிய இட்டாராத திலகா. அதுக்குக் கைராசி இல்லன்றாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது."

அக்டோபர் 6, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். புள்ளலூர் பாஞ்சாலி வந்தாள். அவளும் அந்தப் பக்கம் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவள். என்னை ஓரமாக இழுத்துப்போய்க் குசுகுசுவென்று சொன்னாள்: "உங்க தெருவுல ஒருத்தி கீறாளாமே, அவ நாத்து வெச்சா மெதந்துடுதாம். உனுக்குத் தெரியுமா?"

நான் விளையாட்டாகச் சொன்னது புள்ளலூர் வரை போய், கை கால் முளைத்து, எனக்கே புதுச் செய்தியாகத் திரும்பி வந்திருக்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 9

ஆதிலட்சுமி வழியில் மடக்கிவிட்டாள். "இன்னா திலகா, பத்து நாளா போனே காணோம்?"

கம்மியாகத்தான் ஆள் கேட்கிறார்கள் என்றேன். பொய்.

அக்டோபர் 11

மனசு கேட்கவில்லை. களை எடுக்கும்போது எல்லாரையும் வைத்துக்கொண்டு போட்டு உடைத்துவிட்டேன். "அது நான் வெளாட்டுக்குச் சொன்னது. கெளப்பி வுட்டதே நான்தான்."

எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். செவ்வந்தி நிமிரக்கூட இல்லை. "நீ சொல்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்க்கா. போன வருசம் அவ நட்ட கழனில எலி வெட்டல?"

ஆமாம் ஆமாம் என்று நாலு குரல்.

போன வருடம் ஊரில் எல்லாக் கழனியையும்தான் எலி வெட்டியது. அதில் நாங்கள் எல்லாருமே நட்டிருக்கிறோம். இதைச் சொன்னேன். அதற்குள் பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்விட்டது.

நவம்பர் 2

ஆதிலட்சுமி வீட்டு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஜனவரி 7, 2025

நாங்கள் குத்தகைக்கு எடுத்த அரைக் காணியில் நாளை நவரைப் பட்டத்து நெல் நடவு. ஆட்கள் பெயரை எழுத உட்கார்ந்தேன். அவள் பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஜான் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு வம்பு? இந்த வாட்டி வேணாம்" என்றார்.

பேனா நின்றது அவர் சொன்னதால் அல்ல. எனக்கே பயமாக இருந்தது. சொன்னது நான். பொய்யென்று தெரிந்தவளும் நான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், கைராசி கால்ராசி எதுவும் பார்க்காதவள் - எனக்கே பயம். எல்லாரும் சொல்கிறார்களே, ஒருவேளை இருந்துவிட்டால்?

சே, இன்னா பொம்பள நான்.

ஜனவரி 8

கூப்பிடவில்லை.

பதினோரு மணிக்கு வரப்பு ஓரமாக ஆதிலட்சுமி போனாள். கையில் சோற்றுத் தூக்கு. செங்கல் சூளைக்குப் போகிறாளாம். என் கழனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நின்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

ஏப்ரல் 20

பொட்டு மழை இல்லை. எங்கள் நவரை எப்படியோ தேறிவிட்டது. ஜான், "பாத்தியா" என்றார். பக்கத்துக் கழனியும்தான் தேறியது, அங்கே யார் நட்டார்கள் என்று பார்த்தீர்களா என்றேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

மே 2, வெள்ளி

காலையில் பாண்டியன் போன். கோடைப் பட்டம், சொர்ணவாரி நடவாம். கிணற்றில் தண்ணீர் பத்து நாளைக்குக்கூடத் தாங்காதாம். "திலகா, அந்த ஆதிலட்சுமிய மறக்காம இட்டாந்துடு. மொத நாத்து அதுதான் வெக்கணும். அது கை வெச்சா மழ வருமாமே."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போன புரட்டாசியில் வேண்டாம் என்று ஒதுக்கியதும் அதே சொல்தான். இப்போது வாங்க வாங்க என்று கூப்பிடுவதும் அதே சொல்தான். பத்து மணிக்குள் முனிரத்தினமும் கேட்டுவிட்டார்.

ஏரிக்கரையைச் சுற்றாமல் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கல் சுமந்து உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"வரேன். வராம இன்னா பண்றது? ஆனா மழ வரலன்னா அதுக்கு இன்னா சொல்லுவ?"

'சொல்லுவாங்க' என்று சொல்லவில்லை. 'சொல்லுவ' என்றாள்.

நாளை காலை ஆறு மணி, பாண்டியன் கழனி. அவள் பெயரை முதலில் எழுதிவிட்டேன். பக்கத்தில் நான் நிற்பதாக இருக்கிறேன். மழை வந்தாலும் வராவிட்டாலும், டீ குடிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது.