உறையில் ஒரு கிழிசல்

13-8-74, செவ்வாய்
குழந்தை ஜலஜாவுக்கு ஜுரம் இறங்கவில்லை. அவர் நேற்றுத் தைக்கக் கொடுத்த கான்வாஸ் உறை அப்படியே கிடக்கிறது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் அவர் மெக்கானிக். அதன் இறக்கையில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்குமாம். விமானம் நிற்கும்போது அதன் வாயை மூட இந்த உறை. பறக்கையில் அந்த வாயில் மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் பைலட்டுக்கு முள் வேகம் காட்டுகிறதாம். தரையில் எவ்வளவு தூரம் கடந்தது என்பதே அதற்குத் தெரியாதாம். பி.ஏ. படித்தும் எனக்கு ஏறவில்லை.

“தச்சிட்டியா, புஷ்பம்?” என்றார். தைத்தாயிற்று என்றேன். ஏன் சொன்னேன்? காலையில் தைத்துவிடலாம் என்றுதான்.

14-8
விடிய விடிய குழந்தை அழுகை. உறையை மடித்து அவர் பையில் வைத்துவிட்டேன். விரல் நுழையும் கிழிசல்தானே.

17-8, சனி
காவற்காரர் அங்கமுத்து மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு சைக்கிளில் வந்தார், இவர் வர நேரமாகும் என்று சொல்ல. “நல்லசிவம் அண்ணனுக்கு ஒண்ணியும் இல்லம்மா. ப்ளேன் மேல ஏறியும் முள்ளு சைபர்லயே நின்னுக்கினு கீது. பைலட்டு குத்துமதிப்பாத்தான் எறக்குனாரு.”

வேகம் குறைந்தால் விழுமாம். கூடினால் ஓடுபாதை போதாதாம். விமானம் மூன்று நாள் சும்மா நின்றதில் குழாய்க்குள் குளவி மண் அப்பியிருந்ததாம். குளவி எப்படி நுழைந்தது— நானா கேட்கிறேன்?

20-8
விசாரணை. உறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியுமா, தெரியாதா? இட்லியைப் பிட்டுப் பிட்டு வைக்கிறார்.

25-8, ஞாயிறு
சொல்லிவிட்டேன், தைக்காமலே பொய் சொன்னேன் என்று.

“மாட்டும்போதே பாத்தேன். புள்ளைக்கு முடியல, ரெண்டு நாள் கழிச்சுத் தச்சுக்கலாம்னு விட்டேன்.”

அப்போ கவனிக்கலைன்னு எழுதினது?

“பாத்துட்டே மாட்டினேன்னு எழுதினா லைசென்ஸே போயிரும்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

2-9, திங்கள்
லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். கிண்டியில் ஒரு பம்ப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார்.

சாயங்காலம் பைலட் மாசிலாமணி வந்தார். அன்று அந்த விமானத்தை ஓட்டியவர். தண்டனை அதிகம் என்று அவருக்கு வருத்தம்.

“இவர் பாத்து அனுப்பினா நான் திரும்ப ஒரு தடவை சுத்திப் பாக்கறதேயில்லம்மா. தெரிஞ்சு செய்யற ஆள் இல்லைன்னு நானே மேலிடத்துக்கு எழுதித் தர்றேன்.”

வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே நின்றேன்.