ஃபிரிட்ஜில் இருந்தது பிரதமன் அல்ல

அத்தான்,

மீன்குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டு மாமியிடம்.

காரின் டர்போ எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியைப் பிடிக்க ஒரு டப்பா மாட்டினீர்கள், சரி. அதில் சேர்ந்ததை ஜாம் பாட்டிலில் ஊற்றி, எண்ணெயும் தண்ணீரும் பிரிகிறதா என்று பார்க்க ஃபிரிட்ஜிலா வைப்பது? மழை ஈரம் கலந்து அது அசல் அடைப்பிரதமன் பாயசம் மாதிரியே இருக்கிறது. காலையில் மாமி ஸ்பூனோடு நிற்கிறார்கள்.

"கல்யாண நாளுக்குப் பிரதமன் வச்சிட்டு எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லலியே, மோளே!"

நான் பிடுங்கியிருக்காவிட்டால் இன்று எல்லோரும் மெடிக்கல் காலேஜில்தான்.

ஆமாம், இன்று நம் கல்யாண நாள். பொன்முடி மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். காரின் குழாய் கழன்று கிடக்கிறது. நீங்கள் புதுக் குழாய் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டீர்கள்.

"பார்க்காத ஊர்ப் பனியை நாவல்ல படிச்சு அழுவா" என்று ஒர்க்‌ஷாப் ஷிபுவிடம் என்னைக் கிண்டல் செய்தீர்களாமே. நானாவது மனிதர்களுக்காக அழுகிறேன். நீங்கள் ஒரு எஞ்சின் விடும் ஏப்பத்துக்காகத் தூக்கத்தை விட்டவர்.

நான் பஸ்ஸில் கிளம்புகிறேன். பொன்முடியில் பனி இருக்கும். பார்த்துவிட்டே வருவேன்.

ஜெஸி

விதுராவில் பஸ் மாற வேண்டும். ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் மதியம் வரை உட்கார்ந்திருப்பேன்; கையில் தடித்த நாவல் இருக்கிறது. பைக்கில் வந்தாலும் போதும்.

பாட்டிலைத் தேட வேண்டாம். கட்டிலில் என் தலையணை மேல் படுக்க வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. போர்வையை மட்டும் நீங்களே போர்த்திவிடுங்கள்.