நான் தேய்க்காத டிரம்

ரொனால் அண்ணா, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் தங்கியிருப்பவர்களுக்குக்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. மறுபக்கத்தில் இருப்பது அம்மா சொல்லச் சொல்ல மதியம் நான் எழுதியது. நாங்கள் மூவரும் சுகம் மகனே, அந்தோஃபகஸ்தா சுரங்கத்தில் உன்னையும் மாதா சுகமாக வைத்திருக்கட்டும் என்று அதில் இருக்கிறது. சுகமில்லை அண்ணா. தம்பி வில்மர் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தெரிந்தால் நீ வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மா மறைக்கச் சொன்னாள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், அழுதால் கண்ணீர்கூட வருவதில்லை. பெரியம்மா அவனோடு இருக்கிறாள்.

அம்மா இப்போது பொதுச் சமையற்கூடத்தில் கூட்டத்தில் இருக்கிறாள். ஏழு வருடமாக நம் குன்றுக்குத் தண்ணீர் லாரி கொண்டுவரும் எவரிஸ்டோ மாமாவின் அழுக்குக் குழாயால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று முதலில் சொன்னதே அம்மாதான். விடிந்ததும் லாரி குன்றேறி வரும்போது வழியில் கல் போட்டு மறித்துக் கொளுத்தப் போகிறார்களாம். என்னையும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் கடைசியாக லாரி வந்த அன்றைக்கு நம் டிரம்மில் தண்ணீர் பிடித்தது நான். குழாய் மண்ணில் புரண்டதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமாம். புரளவில்லை அண்ணா. எப்போதும் போலத் துணியால் துடைத்துவிட்டுத்தான் போட்டார். உங்க டிரம்முக்கு மட்டும் என்ன அப்படி ஒரு பசி என்று கேலிகூடச் செய்தார்.

தப்பு என்னுடையது. சனிக்கிழமைதோறும் டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்க்கச் சொல்லியிருந்தாள் சுகாதார நிலைய நர்ஸ். குளிரில் கை வெடிக்கிறது என்று ஒரு மாதமாக நான் தேய்க்கவில்லை. குளோரின் சொட்டு மட்டும் விட்டேன், அது போதும் என்று நினைத்தேன். தேய்த்தாயா என்று அம்மா கேட்டபோதெல்லாம் தேய்த்தேன் என்றேன். செவ்வாய்க்கிழமை அறிவியல் வகுப்புக்கு வீட்டிலிருந்து எதையாவது சுரண்டி வரச் சொன்னார்கள். சுவரில் வழுவழுவென்று இருந்ததைத் தீக்குச்சியில் எடுத்துப் போனேன். நுண்ணோக்கியில் பார்த்தேன் அண்ணா. குச்சி குச்சியாகக் கிருமிகள் நேரே நீந்துகின்றன, சட்டென்று நின்று உருள்கின்றன, வேறு பக்கம் திரும்பி மறுபடி நீந்துகின்றன. கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, ஆனால் தீனி அதிகமாக இருக்கும் பக்கம் உருளாமல் நெடுநேரம் நீந்தும், அப்படியே போய்ச் சேர்ந்துவிடும் என்றார் ஆசிரியை. நல்ல இடம் கிடைத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றிச் சளியால் வீடு கட்டிக்கொள்ளுமாம். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு குளோரின் விட்டார். நீந்தியவை அசையாமல் நின்றன. சளிக்கட்டிக்குள் இருந்தவை இன்னும் நெளிந்தன. “இது எந்த வீட்டுது? மேல விடுற மருந்து உள்ள போகாது, தேய்ச்சாத்தான் போகும்” என்றார். நான் கையைத் தூக்கவில்லை.

எது நோய்க்கிருமி என்று இதில் தெரியாது என்றும் சொன்னார். ஆனால் அதே லாரித் தண்ணீரைக் குன்றே குடித்தது, வில்மர் மட்டும்தான் படுத்தான். நான் சொன்னால் அம்மா இத்தனை பேர் முன்னால் தலைகுனிவாள், சொல்லாவிட்டால் அந்த லாரி போய்விடும், அதைவிட்டால் மாமாவுக்கு வேறொன்றும் இல்லை. டாக்டரும் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார், அம்மா லாரியையே சொல்கிறாள். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? அம்மா சொன்ன ஆசியையும் எழுதிவிடுகிறேன், மார்பில் குளிர் ஏறாமல் கம்பளி போட்டுக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, கடவுள் உன்னைக் கைவிட மாட்டார்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை, எவரிஸ்டோ மாமா. “பாப்பா நெலிதா, பயப்படாத. நீதானே தண்ணி பிடிச்ச. என் குழாய் அழுக்கா இருந்துச்சா? அத மட்டும் சொல்லு, நான் போயிடுறேன்.” விளக்கு எரிவது தெரிந்துவிட்டது அண்ணா, நான் கதவைத் திறக்கப் போகிறேன்.